ஒரு வயர்லெஸ் செட்டும் அனர்த்த தண்டமும்

சமண இல்லறத்தார் ஏற்கவேண்டிய விரதங்கள் பன்னிரண்டு. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்ற ஐந்து அணுவிரதங்களை எந்தச் சமயத்தாரிடம் சொன்னாலும் ஒப்புக்கொள்வார்கள். அடுத்து வரும் மூன்று குணவிரதங்களைச் சொன்னால்தான் இது எதற்கு என்று கேட்பார்கள். திக்விரதம்: எல்லாத் திசைகளிலும் இவ்வளவு தூரத்துக்கு அப்பால் போவதில்லை என்று எல்லை வகுத்துக்கொள்வது. அனர்த்த தண்ட விரதம்: அந்த எல்லைக்கு உள்ளேயும், பயன் ஏதும் இல்லாமல் பிறவற்றுக்குத் துன்பம் தரும் செயலை விலக்குவது. போகோபபோக பரிமாணம்: நுகரும் பொருளுக்கு அளவு வைப்பது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் தந்த வரிசை இது. தமிழில் அருங்கலச்செப்பு அதைக் குறள் வெண்பாக்களாகச் சொல்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு அது முழுவதும் மனப்பாடம்.

காரில் பொருத்த ஒரு வயர்லெஸ் செட் வாங்கலாம் என்று கிளம்பியபோதுதான் இந்த மூன்றும் எவ்வளவு நுட்பமாக யோசித்து வகுக்கப்பட்டவை என்று எனக்கு விளங்கியது. குறைந்த விலையில் நல்ல செட் எது என்று தேடினேன். தேடத் தேட, குறைந்த விலை யாருக்கு என்ற கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது. கடைக்காரர் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டால் அந்தப் பொருளுக்கான விலை முழுவதையும் நான் கொடுத்துவிட்டதாக ஆகுமா? மிச்சத்தை வேறு யாராவது, என் முகம்கூடத் தெரியாத ஒருவர், கொடுத்துக்கொண்டிருந்தால்?

நான் வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் குடும்பத்தைச் சேர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறேன். பேச்சு வழக்கில் ஹாம். தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமமும் அழைப்புக் குறியீடும் பெற்று, ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசுகிறவர்கள் நாங்கள். இதில் காசு வாங்கக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது. உலகெங்கும் இருக்கும் ஹாம்களுக்கு 1928-ல் பால் சீகல் என்ற அமெரிக்கர் ஒரு நெறி எழுதி வைத்தார். ஹாமுக்கு இருக்கவேண்டிய ஆறு குணங்களை அது சொல்கிறது. அவற்றில் முதலாவது, அடுத்தவருக்கு இடைஞ்சல் தராமல் நடந்துகொள்வது. எங்கள் நூல்களைப் படித்திராத ஒருவர் அதை முதலில் வைத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

வண்டிக்கு செட் வேண்டும் என்று தோன்றியது ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கரன்ட் போனது, கரன்டோடு செல்போன் கோபுரங்களும் ஒவ்வொன்றாகப் போயின. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, தொலைதூரத் தீவிலிருந்து பிற ஹாம்களோடு பேசும் பயணமாகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார்கள். ஹாம்கள் எல்லோருக்கும் அது தெரிந்த கதை. வீட்டு மாடியில் செட் இருந்தால் மட்டும் போதாது. சாலை துண்டிக்கப்பட்ட இடத்துக்கு எது போகுமோ அதில் செட் இருக்கவேண்டும். ஆகவே தேவை உண்மையானது. அனர்த்தம் என்றால் பயனற்றது. இந்த ஆசை அந்த வகையில் சேராது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டேன்.

ஆனால் தேவை உண்மை என்பதாலேயே அளவு இல்லாமல் போய்விடாது. என் அப்பா ஒரு முனிவர் முன்னிலையில் பரிக்கிரக பரிமாணம் எடுத்துக்கொண்டவர். இவ்வளவு நிலம், இத்தனை மாடு, இவ்வளவு பாத்திரம் என்று அன்றைக்கே வரையறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் பித்தளை அண்டா ஒன்று சீராக வந்தது. அப்பா அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரவில்லை. வாசலிலிருந்தே ஜினாலயத்துச் சமையல்கட்டுக்குப் போய்விட்டது. அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. “எடுத்துக்கிட்ட அளவு நாம வெச்சது. சாமான் வந்துச்சேன்னு அளவை நகத்தினா அது விரதமா?” என்று அப்பா கேட்டதை நான் கதவருகே நின்று கேட்டிருக்கிறேன். எல்லை முதலில், பொருள் பிறகு. சந்தையோ இதை எப்போதும் தலைகீழாகச் செய்கிறது: பொருளைக் காட்டுகிறது, அதைப் பார்த்து நம் தேவையை நாமே நீட்டிக்கொள்கிறோம்.

செட் வாங்கும்போது இந்த நீட்டல் வாட் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது. 2 மீட்டர் அலைவரிசையில் வண்டிகளுக்கான சிறிய சீன செட்டுகள் 20, 25 வாட். கென்வுட் டிஎம்-281ஏ 65 வாட். ஐகாம் ஐசி-2300எச் அதுவும் 65. யேசு எஃப்டி-2980ஆர் 80 வாட். எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 25 எங்கே, 80 எங்கே என்று இருக்கும். காது வேறு கணக்கு போடுகிறது. 25 வாட்டிலிருந்து 65 வாட்டுக்குப் போனால் கூடுவது சுமார் 4 டெசிபல். எதிர்முனையில் இருப்பவரின் செட்டில் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி ஏற 6 டெசிபல் வேண்டும், அதாவது நான்கு மடங்கு சக்தி. அவருக்கு அந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியவே தெரியாது. இந்த 2 மீட்டர் வரிசையின் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். காரின் கூரையில் 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால், அதேபோன்ற இன்னொரு காரோடு சமதரையில் 11, 12 கிலோமீட்டர்தான் கணக்கு. அதே காரிலிருந்து 200 மீட்டர் உயரக் குன்றின் மேலிருக்கும் ஒருவரோடு பேசினால் 60 கிலோமீட்டர் தாண்டும். தூரத்தைத் தருவது உயரம். வாட் அதற்கு ஈடாகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் புதிதாக வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாதிப் பணம் மிச்சம்.

இங்கேதான் திக்விரதம் எனக்குத் துணை வந்தது. நான் எவ்வளவு தூரம் கேட்கவேண்டும்? ஆசைக்கு அளவில்லை, வேலைக்கு அளவு உண்டு. வந்தவாசி, செய்யாறு, சேத்துப்பட்டு, திண்டிவனம். புயல் வந்தால் நான் வண்டியோடு போகக்கூடியது 40 கிலோமீட்டருக்கு உட்பட்ட இந்த வட்டம். அதற்கு அப்பால் என் குரல் போவதால் யாருக்கும் பயன் இல்லை. பயன் இல்லை என்பதோடும் முடியவில்லை. எஃப்.எம். முறையில் ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் வலுத்தவர் குரல் மட்டும் கேட்கும். மெலிந்தவர் குரல் கரகரப்பாகக்கூடக் கேட்காது; அடியோடு மறைந்துவிடும். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, அங்கே இன்னொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதே தெரியாது. கையடக்க செட்டில் 5 வாட்டில் உதவி கேட்கும் ஒருவரை, பக்கத்து ஊரில் 80 வாட்டில் அரட்டை அடிக்கும் ஒருவர், தான் செய்வது இன்னதென்று அறியாமலே அழித்துவிட முடியும். போதுமான சேவைக்கு எவ்வளவு சக்தி தேவையோ அவ்வளவே வெளியிடவேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகளிலேயே இருக்கிறது. எல்லைக்கு வெளியே போகாதவன் அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் உயிர்களுக்கெல்லாம் அபயம் தந்தவன் ஆகிறான் என்று எங்கள் ஆசாரியர்கள் திக்விரதத்துக்குக் காரணம் சொல்வார்கள். சட்டமும் விரதமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

வாட்டைவிட எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது வேறொன்று. திண்டிவனத்தில் எனக்கு ஒரு ஹாம் நண்பர். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார்; ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். அவரிடம் 25 வாட் சிறிய மொபைல் செட் ஒன்று இருந்தது. ஜப்பான் செட்டின் விலையில் பாதிக்கும் கீழே வாங்கியது. பெரிய செட்டுக்கு மாற நினைத்த அவர், இதை நான் எடுத்துக்கொள்கிறேனா என்று கேட்டார். விலையும் குறைவு, வாட்டும் எனக்குப் போதும். அளந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றைக் கொண்டுபோனேன். செட்டின் பின்னால் ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு, நடுவில் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர். மைக்கில் பட்டனை அழுத்தினார். திரையில் 145.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு கோடு நெட்டுக்குத்தாக எழுந்தது. அது இருக்கவேண்டியது. அதற்கு இரு மடங்கில், 291-ல், இன்னொரு கோடு, 436.5-ல் மூன்றாவது. அனலைசரே உள்ளுக்குள் இப்படிப் பொய்க் கோடு உண்டாக்குவதுண்டு. அதனால் இன்னொரு 10 டெசிபல் அட்டென்யுவேட்டரைச் சேர்த்துப் பார்த்தேன். மூன்று கோடுகளும் ஒரே அளவு இறங்கின. ஆக, அவை செட்டிலிருந்தே வருபவை. இரண்டாவது கோடு முதலாவதைவிட 38 டெசிபல்தான் கீழே. கணக்குப் போட்டால் சுமார் 4 மில்லிவாட். அமெரிக்க விதிப்படி 25 வாட் வரையுள்ள இத்தகைய செட் எந்தத் தப்பு அலையையும் 25 மைக்ரோவாட்டுக்கு மேல் கசியவிடக்கூடாது. மைக்ரோவாட் என்பது வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தக் கசிவு அந்த வரம்பைப்போல 160 மடங்கு.

எல்லா மலிவு செட்டும் இப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. சுத்தமாக அலை வீசும் குறைந்த விலை செட்டுகளையும் பார்த்திருக்கிறேன். ஒரே மாடலில் ஒன்று தேறும், இன்னொன்று தேறாது. ஆனால் விலையைக் குறைக்க எங்கே கை வைப்பார்கள் என்பது இயற்பியல் தெரிந்தவர்களுக்குப் புரியும். திரையில் கை வைத்தால் வாங்குகிறவர் பார்த்துவிடுவார். ஒலியில் வைத்தால் கேட்டுவிடுவார். ஆன்டெனாவுக்குப் போகுமுன் இருக்கும் வடிகட்டியில் நாலு கெப்பாசிட்டரையும் ஒரு காயிலையும் குறைத்தால், வாங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் குரல் எப்போதும்போல் கேட்கும். குறை தெரிவது மற்றவர்களுக்கு மட்டும். மிச்சம் பிடித்தது உற்பத்தியாளர், பலன் எனக்கு, தண்டம் மூன்றாம் மனிதருக்கு. மலிவின் இந்தக் கணக்கு வயர்லெஸ் செட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பது எனக்குத் தெரியும். இங்கே அதை டெசிபலில் அளந்து கண்ணால் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

நண்பர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் வழக்கப்படி என்னை அழைத்துக் கேட்டார்: “ஓஎம், நான் யாரையும் தொந்தரவு பண்ணணும்னு பேசலையே. செட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? 291-ல யாரு இருக்காங்கன்னுகூடத் தெரியாது. இதுல எந்த உயிருக்கு என்ன ஆச்சு? ஒரு கொசுகூட சாகலையே. இதைப் போய் இம்சைன்னா எப்படி?”

நல்ல கேள்வி. அதை லேசாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை. இரண்டு, அடிபட்ட உயிர் இல்லாத இடத்தில் இம்சை இல்லை.

முதல் வாதம் பழையது. பௌத்தர்களுக்கும் சமணர்களுக்கும் இடையே நெடுங்காலம் நடந்த வழக்கு இது. வினையைத் தீர்மானிப்பது எண்ணமே என்பது பௌத்தர் நிலை. தமிழில் நீலகேசி என்ற காப்பியமே இந்த வாதங்களுக்காக எழுந்தது. குண்டலகேசிக்கு விடையாக வந்தது. கொன்றவன் வேறு, உண்டவன் வேறு என்றால் உண்டவனுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியை நீலகேசி பௌத்தரோடு வாதாடுகிறாள். வாங்க ஆள் இருப்பதால்தான் கொல்ல ஆள் இருக்கிறான் என்பது சமணர் பக்கத்து நியாயம். வடிகட்டி இல்லாத செட்டும் அப்படியே. விலையை மட்டும் பார்க்கும் நாம் அத்தனை பேரும் சேர்ந்துதான் அந்த நாலு கெப்பாசிட்டரை வெளியே எடுத்தோம்.

அதே சமயம், எண்ணத்துக்கு இடமே இல்லை என்று சமணம் சொல்லவில்லை. பொன்னூர் மலைமேல் பாதம் பதித்த குந்தகுந்தர், எங்கள் ஊரில் ஏலாசாரியார், பிரவசனசாரத்தில் இதற்கு முடிவு சொல்கிறார். உயிர் செத்ததா பிழைத்ததா என்பது அளவுகோல் இல்லை. கவனம் இல்லாமல் நடந்துகொண்டவனுக்கு இம்சை நிச்சயம். முழுக் கவனத்தோடு நடப்பவன் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மடிந்தாலும் அந்த அளவில் அவனுக்குப் பந்தம் இல்லை. அவர் கருத்தின் சாரம் இதுதான். நண்பரின் இரண்டு வாதங்களுக்கும் இதில் விடை இருக்கிறது. கொசு சாகவில்லை என்பது சரி. கேட்கவேண்டியது வேறு: பார்த்தோமா? பார்க்க வழி இருந்தும் பாராமல் இருந்தோமா? திகம்பர முனிவர்கள் உட்காருமுன் மயிற்பீலியால் தரையை வருடிவிட்டு உட்காருகிறார்கள். அங்கே எறும்பு இருப்பது தெரிந்ததால் வருடவில்லை. இருக்கிறதா என்று தெரியாததால் வருடுகிறார்கள். அந்த அனலைசர் எனக்கு மயிற்பீலி.

இரண்டாம் வாதத்துக்கு இன்னும் நேரடியான பதிலும் இருந்தது. எஸ்ஓ-50 என்று ஓர் அமெச்சூர் செயற்கைக்கோள், 2002 டிசம்பரில் ஏவப்பட்டது. 600 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றிக்கொண்டு, 436.795 மெகாஹெர்ட்ஸில் வெறும் 250 மில்லிவாட்டில் பேசும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் கேட்கவைத்த செயற்கைக்கோள் அதுதான். மாடியில் கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு, செயற்கைக்கோள் தொடுவானத்தில் ஏறும்வரை மூச்சுவிடாமல் நிற்பார்கள். இப்போது, 145.600-ல் ஒருவர் தம் காரிலிருந்து சாதாரணமாகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று மடங்கு 436.800. செயற்கைக்கோளுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். அந்தக் கசிவு ஒரு மில்லிவாட்டுக்கும் கீழேதான். ஆனால் மாடியில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தக் கார் ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது, செயற்கைக்கோள் 700 கிலோமீட்டரில். இடையில் தடை இல்லாவிட்டால், அந்தப் பிள்ளையின் ஆன்டெனாவில் காரின் கசிவு செயற்கைக்கோளைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவாக விழும். அந்தப் பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “சார், இன்னிக்கு வரலை” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகும். காரில் போனவருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியப்போவதில்லை. 291 மெகாஹெர்ட்ஸ் வட்டாரமோ, பல நாடுகளில் ராணுவ விமானங்கள் பேசும் இடம்.

உயிரைக் கொல்வது மட்டுமே இம்சை என்றிருந்தால் அனர்த்த தண்டம் என்று தனியாக ஒரு விரதமே தேவைப்பட்டிருக்காது. பயனின்றி நிலத்தைத் தோண்டுவது, நீரை இறைப்பது, தீ மூட்டுவது, காற்றை அலைக்கழிப்பது, செடியைக் கிள்ளுவது எல்லாம் அதில் வருகின்றன. செய்பவனுக்கு இதில் லாபமும் இல்லை, ஆசையும் இல்லை, வெறும் அசட்டைதான். திருடனுக்காவது ஒரு பயன் இருக்கிறது. 291-ல் கசியும் 4 மில்லிவாட்டால் அந்தச் செட்டின் சொந்தக்காரருக்கு இம்மியளவு பயனும் இல்லை. இதைவிடப் பொருத்தமான அனர்த்த தண்டத்தை நான் கண்டதில்லை.

அனர்த்த தண்டம் ஐந்து வகை. அதில் ஒன்று இம்சாதானம்: வாள், கோடரி, நெருப்பு, சங்கிலி போன்று தீங்கு செய்யும் கருவியை இன்னொருவர் கையில் கொடுப்பது. நண்பர் கேட்ட அடுத்த கேள்வி அங்கே போய் நின்றது. “நீங்க எடுக்கலைன்னா வேற யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடட்டுமா?” சந்தையில் பழைய செட் கைமாறுவது சகஜம். வாங்குகிறவர் பெரும்பாலும் புதிதாக உரிமம் எடுத்த பையன். அவனிடம் அளக்கக் கருவி இருக்காது. குறை தெரிந்த பிறகும் சொல்லாமல் கொடுத்தால், கசிவோடு பொய்யும் சேர்ந்துகொள்கிறது. சொல்லிக் கொடுத்தால்? சொல்லிக் கொடுத்தாலும் கசிவு கசிவுதான். கை மட்டும் மாறுகிறது. உரிமம் இல்லாதவரிடம் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது சட்டத்துக்கே விரோதம்.

ஆனால், “நல்ல செட் வாங்க வக்கில்லாதவன் ஹாமாக இருக்கக்கூடாது” என்ற முடிவுக்கு வருவதாக இருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்ததே விலை குறைந்த செட்டுகளால்தான். முன்பெல்லாம் ஜப்பான் செட் ஒன்று வாங்குவது சம்பளக்காரருக்கே எட்டாத காரியம். பணக்காரர்தான் குற்றமில்லாமல் இருக்க முடியும் என்று ஓர் அறம் சொன்னால் அது அறமே இல்லை. பிச்சை ஏற்று உண்ணும் முனிவரும், கால் காணி உழுகிறவரும், வட்டிக்கடை வைத்திருப்பவரும் அவரவர் நிலையில் ஏற்கத்தக்கதாகத்தான் விரதங்களைப் படிப்படியாக வைத்தார்கள். இங்கேயும் படி இருக்கிறது.

அன்றைக்கே அந்தப் படியைச் செய்தோம். வைண்டிங் கடையாச்சே, எனாமல் கம்பிக்குப் பஞ்சமில்லை. 8 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மேல் கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி உருவினால் ஒரு காயில், அப்படி இரண்டு. சில்வர் மைக்கா கெப்பாசிட்டர் மூன்று: ஓரங்களில் 22 பிகோஃபாரட், நடுவில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரு சிறிய தகர டப்பாவுக்குள் காயில்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி செங்குத்தாக வைத்துப் பற்றவைத்து, இரு பக்கமும் சாக்கெட் பொருத்தினோம். நண்பரின் விரல்களுக்கு அந்த வேலை சோறு சாப்பிடுவது போல. காயிலின் சுற்றுகளை நகத்தால் லேசாக விரித்து, திரும்பிவரும் சக்தியைச் சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். சரியாக வந்ததும் நிறுத்தினார். டப்பாவை செட்டுக்கும் ஆன்டெனாக் கம்பிக்கும் நடுவில் மாட்டி மறுபடி அளந்தோம். 38 டெசிபல் இருந்த இடத்தில் 66. மூன்றாவது கோடு திரையின் அடியிலுள்ள இரைச்சலில் மறைந்துவிட்டது. ஆன செலவு சில நூறு ரூபாய்கூட இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவது என் வழக்கம் என்று தெரிந்ததால், அவர் மனைவி ஐந்தரைக்கே இலை போட்டுவிட்டார்.

சாப்பிடும்போது நண்பர், “இதை நான் விக்கலை ஓஎம். இதையே வெச்சுக்கறேன்” என்றார். அவருக்குப் பெரிய செட் தேவைப்படவில்லை. குறையைச் சரிசெய்த பிறகு கையிலிருப்பதே போதும் என்று தோன்றிவிட்டது. பரிக்கிரக பரிமாணத்தை யாரும் அவருக்குப் போதிக்கவில்லை.

எனக்கு நான் வாங்கியது வேறொரு நண்பர் பயன்படுத்திய ஐகாம் ஐசி-2300எச். 2 மீட்டர் மட்டும் உள்ள செட். இரண்டு பேண்ட், நான்கு பேண்ட் என்று வருபவற்றை விட்டுவிட்டேன். என் வட்டத்துக்கு 2 மீட்டர் போதும். போலீஸ், விமானம் என்று பிறர் பேச்சை எல்லாம் ஒட்டுக்கேட்க வசதி தரும் செட் எனக்கு ஆகாது. துச்சுருதி, அதாவது கேட்கத் தகாததைக் கேட்பதும் அந்த ஐந்து வகையில் ஒன்று. இந்தச் செட்டில் 65, 25, 10, 5 என்று நான்கு நிலை உண்டு. 10-ல் வைத்திருக்கிறேன், கேட்கவில்லை என்று எதிர்முனையில் சொன்னால் 25. இதையும் அளந்தேன், தேறியது. மின்சாரத்தை நேரே பேட்டரியிலிருந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து எடுத்தேன். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுப்பவர்களைப் பார்க்கிறேன், வேண்டாம். முழு சக்தியில் இத்தகைய செட் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆன்டெனா கால் அலை நீளம், அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கூரையின் நடுவில். செட்டில் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல கோ-ஆக்ஸ் கேபிள் வாங்குங்கள் என்பேன்.

ஒருவர் என்னைக் கேட்டார்: சுத்தமான செட் என்ற பெயரில் நீங்களும் பெயர்பெற்ற பிராண்டின் மேல்தானே ஆசை வைத்தீர்கள்? கேட்கவேண்டிய கேள்வி. பொருள் வைத்திருப்பதைவிடப் பொருளின் மேல் உள்ள மயக்கமே பரிக்கிரகம் என்று ஆசாரியர் உமாசுவாமி வரையறுக்கிறார். அந்த அளவுகோலில் ஆயிரம் ரூபாய் செட்டும் ஒருவனைக் கட்டிப்போடலாம், முப்பதாயிரம் ரூபாய் செட்டும் கட்டிப்போடாமல் இருக்கலாம். மலிவாக இருக்கிறதே என்று மூன்று, நான்கு என வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் ஹாம்களை எனக்குத் தெரியும். ஒரு நல்ல செட்டின் விலையை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். என் அளவு ஒரு வண்டிக்கு ஒரு செட். அதை வாங்குவதற்கு முன்பே வைத்துவிட்டேன், அப்பா அண்டாவுக்கு முன்பே வைத்ததுபோல. புதிய மாடல் வந்தால் இதைக் கொடுத்துவிட்டுத்தான் அதைத் தொடவேண்டும். இது ஓடும்வரை அதற்குத் தேவை இல்லை.

இப்போது வண்டிக்கு செட் வாங்கப்போகும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கைக்கு எட்டும் விலையில் வாங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆன்டெனாவை மாட்டுமுன் அதை டம்மி லோடில் போட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். அனலைசர் வைத்திருக்கும் ஹாம் உங்கள் மாவட்டத்தில் யாராவது இருப்பார், கேட்டால் மறுக்கமாட்டார். தேறாவிட்டால் வடிகட்டி போடுங்கள். வந்தவாசிப் பக்கம் இருப்பவர்கள் செட்டை என்னிடம் கொண்டுவாருங்கள்; காயில் சுற்ற டிரில் பிட் என்னிடம் இருக்கிறது. பழைய செட்டைக் கைமாற்றுகிறவர்கள், அந்தத் தகர டப்பாவையும் சேர்த்தே கொடுங்கள்.